கோயிலைக் காப்பது கோட்டையா?

கே.கே. நகரிலிருந்து வைகையைக் கடந்து வெளிவீதிகளை அடைபவர், 19ஆம் நூற்றாண்டில் ஆட்சியர் பிளாக்பர்ன் இடித்த மதுரைக் கோட்டையின் எல்லையில்தான் நடக்கிறார். மீனாட்சி கோயிலை நடுவில் வைத்து நாயக்கர்கள் எழுப்பிய அரண் அது. படைபலமே தெய்வத்தைக் காக்கும் என்ற எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1755இல் மதுரையைப் பிடித்த ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஹெரானின் படையே மதுரைக்கு அருகிலுள்ள கோவில்குடிக் கோயிலில் புகுந்து திருமேனிகளை அள்ளிச் சென்றது. பெரிய கோட்டை இல்லாததால்தானே அவை பறிபோயின என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் நத்தம் கணவாயில் மறித்து அவற்றை மீட்டவர்கள் கோட்டைப் படையினர் அல்லர், கள்ளர் நாட்டு மக்கள். வலிய அரணோ 1763-64இல் மதுரையை ஆண்ட யூசுப் கானுக்கு எதிரான முற்றுகையை ஊர்மேல் இழுத்து வந்தது. கடைசியில் அவரைப் பிடித்துக் கொடுத்ததும் மதிலுக்குள் இருந்தவர்களே. காவல் என்பது மக்களின் பற்றில் இருக்கிறது. மதில் போன பிறகும் சித்திரைத் திருவிழா நடப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.