வருமானச் சான்றிதழும் மனச்சாட்சியும்



பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளிவந்து கல்லூரிகள் திறக்கும் காலத்தில், இ-சேவை மையங்களின் வாசலில் பெற்றோர் வரிசையாக நிற்பதைக் காண்கிறோம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் முதலியன கைக்கு வந்தால்தான் பிள்ளைக்கு உதவித்தொகை கேட்க முடியும். அந்த வரிசையிலே ஒரு கேள்வி மெல்ல எழும்புகிறது: "வருமானம் எவ்வளவு என்று எழுதலாம்?" எவ்வளவு வருகிறது என்று எண்ணாமல், எவ்வளவு எழுதலாம் என்று கேட்கிறோம். மனச்சாட்சியின் விசாரணை அங்கேயே ஆரம்பமாகிறது.

முதலாவது, சட்டத்தை அறிவோம். ஆதிதிராவிட மாணவரின் மேற்படிப்புக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது 1944ஆம் ஆண்டில். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. தமிழ்நாட்டில், ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவரானவர்களின் பிள்ளைகளும் இவ்வுதவியைக் கேட்கலாம். மத்திய அரசு வேறொரு திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் 82,000 கல்லூரி மாணவருக்குப் புதிதாக உதவித்தொகை ஒதுக்குகிறது. அதற்கு, தம் தேர்வு வாரியத்தில் முதல் 20 சதவீதத்தினருள் ஒருவராயிருக்க வேண்டும்; குடும்ப வருமானமும் 4,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமோ வருமானத்தையே கேட்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தாளா என்று மாத்திரம் கேட்டது. அங்கே பள்ளிக்கூடமே சாட்சி.

வருமானம் கேட்கப்படும் இடத்தில் சாட்சி யார்? மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு சாட்சி. அவர் ஒளிக்க முடியாது. நாற்று நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவருக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. இடையில் இருக்கிறவர்களோ நிலமும் கடையும் வாடகையும் உடையவர்கள். அவர்கள் வரவு எந்தத் தாளிலும் முழுமையாக ஏறுவதில்லை. கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வட்டாட்சியர் கையொப்பமிடுவார்; ஆயினும் மெய்யான தொகையை அறிந்தவர்கள் வீட்டுக்காரரும் ஆண்டவருமே. பொய் சொல்ல வசதியுள்ளவனுக்கே பொய் சொல்லும் சோதனை வருகிறது.

"அரசாங்கப் பணம்தானே, யாருக்கு நஷ்டம்?" என்பர் சிலர். 82,000 என்பது வரம்புள்ள எண். தகுதியற்ற ஒருவர் உள்ளே நுழைந்தால், தகுதியுள்ள ஒருவர் வெளியே நிற்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாததனால் அவர் இல்லாமற் போய்விடவில்லை. இங்கே எட்டாம் கற்பனையும் ஏழாம் கற்பனையும் ஒருங்கே மீறப்படுகின்றன: பொய் வழி, களவு பலன். களவாடியதைத் திருப்பிக் கொடுப்பது கடமையென்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதித்தார். "மற்றவர்களும் செய்கிறார்களே" என்பது அக்கடனைத் தீர்க்காது.

ஆனால் கடினமான ஒரு நிலையும் உண்டு. 2,50,000 ரூபாயை மாதமாக வகுத்தால் 20,833 ரூபாய். ஒரு தகப்பனுக்கு 21,500 ரூபாய் சம்பளம். வீட்டில் நீண்ட நோயாளி. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். எல்லைக்கோடு அவரை வெளியே தள்ளுகிறது. கோடு வரவைப் பார்க்கிறது, கண்ணீரைப் பார்ப்பதில்லை. அவரும் குறைத்து எழுதலாமா? ஆகாது. கோடு முரடானது என்பதனால் பொய் மெய்யாகிவிடாது. ஆனால் அவரிடம் "ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போகிறவனும் நீதிமான் அல்லன். சட்டம் எட்டாத இடத்தில் அயலான் எட்ட வேண்டும். வின்சென்ட் தெ பவுல் சபையை 1833இல் பாரீஸ் நகரில் தொடங்கியவர்களில் முதன்மையானவர் பிரெடெரிக் ஓசானாம், இருபது வயதுக் கல்லூரி மாணவர்! படித்துச் சம்பாதிக்கும் நம் இளைஞர் சிலர் சேர்ந்தால், ஒரு பிள்ளையின் பருவக் கட்டணத்தைக் கட்ட முடியாதா?

இன்னொரு பக்கமும் உண்டு. உரிமையிருந்தும் கேளாதவர்கள். "கை நீட்டுவதா?" என்று கூசுகிறார்கள். சகோதரரே, இது பிச்சையல்ல. எல்லாருக்குமான பொதுப் பொருளில் உமக்குரிய பங்கு. நம் மண்டகப்பட்டுப் பாறையைப் பாரும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவையின்றிக் கோயில் அமைத்ததாக மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டில் பொறித்திருக்கிறான். ஆயினும் உளியின்றி அதைக் குடைந்திருக்க முடியாது. ஏழைப் பிள்ளைக்கு உதவித்தொகையே உளி. அதை வாங்கிக்கொள்ளக் கூச வேண்டாம். வசதியுள்ளவர்கள் அதை அவன் கையிலிருந்து பறிக்கவும் வேண்டாம்.

ஆகையால் இவ்வாண்டு விண்ணப்பத்தில் வருமானம் எழுதும் கட்டத்திற்கு வரும்போது, சற்றே பேனாவை நிறுத்துங்கள். பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கல்லூரியில் அது கற்கப்போகும் பாடங்களுக்கு முன்னே, நீங்கள் கற்பிக்கும் பாடம் அந்த ஒரு தொகையே.