கொடையின் எல்லைக்கோடு

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற அறவியல் கேள்வியை நேரிய அசமன்பாடுகளாக எழுதலாம். மாத வருமானம் 30,000 ரூபாய், குடும்பத்தின் அடிப்படைத் தேவை 18,000 ரூபாய் என்று கொள்வோம். அப்போது செலவு + கொடை ≤ 30,000. செலவு ≥ 18,000. கொடை ≥ 0. செலவு வரவை விஞ்சக்கூடாது, அளவறிந்து ஈய வேண்டும் என்று திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் வற்புறுத்துவது இவற்றுள் முதல் அசமன்பாட்டைத்தான்.

வரைபடத்தில் இவை ஒரு முக்கோணத்தை அடைக்கின்றன. அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் வாழக்கூடிய ஒரு வாழ்க்கை. அவற்றுள் எது சிறந்தது என்று அசமன்பாடுகள் சொல்வதில்லை. கொடை மிக அதிகமாக வேண்டும் என்ற நோக்கத்தைச் சேர்த்தால்தான் விடை ஒரு முனையில் நிற்கிறது: செலவு 18,000, கொடை 12,000.

உண்மையான சிக்கல் அந்த 18,000. வருமானம் அளந்தறியும் எண்; ‘தேவை’யோ மனிதர் எடுக்கும் அறமுடிவு. மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் 1972-இல் வெளியிட்ட ‘பஞ்சம், செல்வச் செழிப்பு, அறநெறி’ கட்டுரை இந்தக் கோட்டையே அசைக்கிறது. அவரது கடுமையான வாதப்படி, இனியும் கொடுத்தால் பெறுபவரின் துன்பத்துக்கு ஈடான துன்பம் கொடுப்பவருக்கும் நேரும் என்ற நிலைவரை கோடு இறங்க வேண்டும். மிதமான வாதம், அறத்தின் பார்வையில் பொருட்படுத்தத்தக்க எதையும் இழக்காத அளவோடு நிற்கிறது. அதன்படியும் ஆடம்பரத்தைத் தேவையென்று கணக்கில் எழுத இடமில்லை.