காட்சியும் கடப்பாடும்

‘கண்ணாற் கண்டேன்’ என்பதற்கு மேலான சான்று உலக வழக்கில் இல்லை. நீதிமன்றம் கண்கண்ட சாட்சியைத் தேடுகின்றது. வரலாற்றாசிரியன் நேரிற் கண்டோரின் குறிப்புகளை நாடுகின்றான். ஆயினும், கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று கூறுவதும் அதே உலக வழக்கே. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் ஓர் அறவியல் வினா மறைந்து கிடக்கின்றது. காணுதல் என்பது ஒருவனுக்குத் தானாக நேரும் நிகழ்ச்சியா, அன்றி அவன் பொறுப்பேற்க வேண்டிய செயலா? தவறாகக் கண்டவன் குற்றவாளியா? இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ‘கண்டேன்’ என்னும் ஒரு சொல்லில் நூற்றுக்கணக்கானோரின் உயிர் தங்கியிருக்கும் துறையொன்று உண்டு. கண்ணால் நோக்கி விமானத்தைத் தரையிறக்கும் முறையே அது.

விமானம் ஓடுபாதையை அடைவதற்கு இரு வழிகள் உள. கருவிகள் காட்டும் நெறியைப் பற்றி, முகிலினூடாகவும் இருளினூடாகவும் வகுத்த பாதையில் இறங்குவது ஒன்று. வானம் தெளிந்திருக்கும்போது அப்பாதை முழுவதையும் பின்பற்றாது, நிலத்தையும் ஓடுபாதையையும் கண்ணாற் கண்டு, அவற்றையே வழிகாட்டியாகக் கொண்டு இறங்குவது மற்றையது. வாஷிங்டன் நகர விமான நிலையத்துக்குப் போட்டோமக் ஆற்றின் வளைவுகளைத் தொடர்ந்து இறங்கும் வழி, அதன் எழிலினாற் பெயர்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு. இம்முறையில் விமானி ‘காண்கிறேன்’ என அறிவிப்பது அடிப்படையானது. முன்செல்லும் விமானத்தைக் கண்டதாக அவர் அறிவித்து, அதனின்றும் விலகி நிற்கும் பொறுப்பையும் ஏற்பாராயின், அதுவரை தரையிலுள்ள கட்டுப்பாட்டாளரிடம் இருந்த அப்பொறுப்பு அவரிடம் வந்து சேர்கின்றது. ஆகவே, இங்கே ‘காண்கிறேன்’ என்பது வெறும் செய்தியன்று. ஒரு கடப்பாட்டை ஏற்கும் உறுதிமொழியுமாகும்.

வடக்கிலிருந்து கட்டுநாயக்காவிலுள்ள பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்தை நோக்கி வருவோருக்குத் தெளிந்த பகற்போதிலே புத்தளம் மாவட்டக் கரையோரம் விரித்துவைத்த படம்போலத் தோன்றும். கற்பிட்டித் தீபகற்பம் நீட்டிய விரல்போல வடக்கு நோக்கிக் கிடக்க, அதற்கும் பெருநிலத்துக்கும் இடையே புத்தளக் களப்பு பரந்திருக்கும். கடலோரமாக நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி நிற்கும். பாலாவியை அண்டி உப்பளப் பாத்திகள், அவற்றின் தெற்கே முந்தல் களப்பு, உடப்பு மணற்றிட்டு, தெதுறு ஓயா கடலோடு கலக்கும் சிலாபத்துப் பகுதி, பின்னர் மாரவில, வென்னப்புவ எனத் தொடரும் தென்னந்தோப்புகள், மாவட்டத்தின் தெற்கெல்லையான மகா ஓயா எனக் காட்சி விரிந்து செல்லும். அதற்கப்பால் நீர்கொழும்புக் களப்பும், அதன் கிழக்கே விமான நிலையமும் அமைந்துள்ளன.

பயணிக்கு இக்காட்சி கவின். விமானிக்கு இது சான்று. களப்பு, மணற்றிட்டு, ஆற்றுமுகம், தென்னந்தோப்பு ஆகியன இக்கரையில் மீண்டும் மீண்டும் வருவன. சிலாபக் களப்பை நீர்கொழும்புக் களப்பெனப் பயணி மயங்கினால் அவனுடைய இன்பம் சிறிதும் குறையாது. அதே மயக்கம் விமானிக்கு நேரின் விளைவு வேறாகும். இரவிலோ மயக்கம் இன்னும் மிகும். ஒளியற்ற நீர்ப்பரப்பின் மேலாக இறங்கும் விமானி, தாம் உள்ளதிலும் உயரத்தில் இருப்பதாக உணர்ந்து, வேண்டியதிலும் தாழ்ந்துவிடக்கூடும். ஓடுபாதை வழக்கத்திலும் ஒடுங்கியதாயின் அதுவும் அவ்வாறே ஏமாற்றும். கண்ணிற் குறையில்லாதபோதும் காட்சி பிழைபடும் என்பதற்கு இவை சான்றுகள்.

தமிழ் மெய்யியல் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே ஆராய்ந்துள்ளது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் அளவைகளாகக் கொள்கின்றது. ஆனால் கண்டவையெல்லாம் அங்கே காட்சியளவை ஆவதில்லை. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவையாகும். கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுதல் ஐயம். இப்பியை வெள்ளியெனத் துணிதல் திரிபு. இவற்றுள் திரிபே கொடிது. ஐயுற்றவன் மீண்டும் பார்ப்பான். திரிபுற்றவனோ இனிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றிருப்பான்.

இம்மூன்று அளவைகளும் எவ்வாறு பிழைபடும் என்பதை மூன்று விபத்துகள் புலப்படுத்துகின்றன. 1974 டிசம்பர் 4ஆந் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் சுராபாயாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வந்த மார்ட்டினேர் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம், மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். விமான நிலையம் கண்ணிற் பட்டதும் அறிவிக்குமாறு அவ்விமானிகள் கேட்கப்பட்டிருந்தனர்; அந்த அறிவிப்பு வரவேயில்லை. நிலையம் அண்மித்துவிட்டதென அவர்கள் கருதியபோது, உண்மையில் அது ஏறத்தாழ 40 கடல்மைல் அப்பால் இருந்தது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் சார்ந்து தம் இருப்பிடத்தைப் பிழையாகக் கொண்டமையே இதற்குக் காரணமென இலங்கையின் விசாரணை கருதியது. இங்கே பிழைத்தது கருதல்.

1979 நவம்பர் 28ஆந் திகதி, அந்தாட்டிக்காவின் எழிலைக் காட்டுவதற்கெனப் பயணிகளை ஏற்றிச் சென்ற ஏர் நியூசிலாந்து விமானம் எரபஸ் மலையில் மோதியதில் 257 பேர் இறந்தனர். விமானிகளுக்கு முன்னர் விளக்கப்பட்ட பாதை ஒன்று. கணினியில் அன்றைய பயணத்துக்கு இடப்பட்ட பாதை வேறொன்று. அம்மாற்றம் அவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. வெண்பனியும் வெண்முகிலும் ஒன்றாகத் தோன்றிய ஒளியில், எதிரே எழுந்த மலைச்சரிவு சமநிலமாகத் தெரிந்தது. எதிர்பார்த்த பரந்த கடற்பகுதியையே தாம் காண்பதாக அவர்கள் கொண்டனர். முதல் விசாரணை விமானிமீது குறைகண்டது. 1981இல் நீதிபதி பீற்றர் மாகனின் ஆணைக்குழு, அறிவிக்காது பாதையை மாற்றியமையே தலையாய காரணமெனக் கண்டது. இங்கே உரை பிழைத்தது. அதனாற் காட்சியும் பிழைத்தது. கண்ட பின்னரே நம்புகிறோம் என்று மனிதர் எண்ணினும், நம்பியதையே காண்பதும் உண்டு.

மூன்றாவது, 2025 ஜனவரி 29ஆந் திகதி இரவு வாஷிங்டனில் நிகழ்ந்தது. இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானத்தைக் காண்கிறீர்களா எனக் கட்டுப்பாட்டாளர் கேட்க, இராணுவ ஹெலிகொப்டரில் இருந்தோர் காண்பதாகக் கூறி, கண்ணால் நோக்கி விலகிக்கொள்ள அனுமதியும் கேட்டனர். சிறிது நேரத்தில் இரண்டும் போட்டோமக் ஆற்றின் மேலே மோதின. 67 பேர் மாண்டனர். நகர விளக்குகளிடையே அவர்கள் கண்டது எந்த ஒளியை என்பதைச் சொல்ல அவருள் எவரும் எஞ்சவில்லை. ‘காண்கிறேன்’ என்ற சொல் நேர்மையானதே. எதனை என்பதுதான் வினா.

நேர்மையே போதுமெனின் இம்மூன்று இடங்களிலும் அறவியலுக்கு வேலையில்லை. 1877இல் ஆங்கிலேய அறிஞர் வில்லியம் கிளிஃபட் இதனை மறுத்தார். பழுதுற்ற தன் கப்பல் பத்திரமாகச் சேருமென உண்மையாகவே நம்பி, குடிபெயர்வோரை அதில் ஏற்றி அனுப்பும் கப்பற்காரன் ஒருவனை அவர் கற்பனை செய்தார். அவன் நம்பிக்கை உண்மையானது. ஆனால் அதனைக் கொள்ள அவனுக்கு உரிமையில்லை. சோதித்துப் பெறாது, ஐயங்களை அடக்கிப் பெற்ற நம்பிக்கை அது. கிளிஃபடின் அளவுகோலை ஈண்டு பொருத்தினால் முதல் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. கண் மயங்குதல் குற்றமன்று. மயக்கத்தைச் சோதிக்க வழியிருந்தும் சோதியாது விடுதலே குற்றம். எரபஸ் மலையிலோ அவ்வழியையே பிறர் அடைத்துவிட்டனர்; ஆகவே கண்டவனிலும் காட்சியைக் கெடுத்தவனுக்கே அங்கே பொறுப்பு மிகுதி.

இதற்கு மறுப்பொன்று எழலாம். முழுச் சான்றும் கிடைக்கும்வரை காத்திருக்க விமானிக்கு நேரமேது? போதிய சான்றின்றியும் துணிய வேண்டிய வேளைகள் உண்டென வில்லியம் ஜேம்ஸ் 1896இல் வாதிட்டார் அல்லவா? மறுப்பு வலிதே. ஆயினும் விமானியின் தொழிலே அதற்கு விடையும் வைத்திருக்கின்றது. கண்ணால் நோக்கி இறங்கும்போதும் கருவி நெறியைத் துணையாக வைத்திருத்தல் நல்ல விமானியின் வழக்கம். ஓடுபாதையோரத்து நான்கு விளக்குகளில் இரண்டு வெண்மையும் இரண்டு செம்மையும் தெரிந்தாற் பாதை சரி. நான்கும் செம்மையாயின் விமானம் மிகத் தாழ்ந்துவிட்டது. தெளிந்த வானிலும் 500 அடிக்குக் கீழே வருமுன் இறக்கம் சீர்ப்படாவிடின் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலெழ வேண்டுமென்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி. அதாவது, துணிவதற்குத் தடையில்லை. துணிந்ததை மீளப்பெறும் வழியை அடைக்காது துணிய வேண்டும். ‘கண்டேன்’ எனச் சொல்லும் துணிவிலும் ‘இனிக் காணேன்’ எனச் சொல்லும் துணிவு பெரிது.

கட்டுப்பாட்டாளரின் நிலையும் நோக்கற்பாலது. விமானி ‘காண்கிறேன்’ என்றதும் விதிப்படி பொறுப்புக் கைமாறலாம். ஆனால் அறம், பாத்திரத்து நீர்போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றப்படும் பொருளன்று. பிறனொருவன் கண்டதாகச் சொல்லும்போது, அவன் காணக்கூடிய நிலையில் இருக்கின்றானா என எண்ணும் கடன் கேட்டவனிடமும் எஞ்சுகின்றது. கண்ணை மட்டும் நம்பி வழிகளை வகுத்த நிறுவனங்களுக்கும் அக்கடன் உண்டு.

விமானம் தோன்றுமுன்னரே கடலோர மீனவர் அறிந்திருந்த முறையொன்று இங்கு கருதத்தக்கது. கடலில் தம் இடத்தை அறிய அவர்கள் கரையில் ஓர் அடையாளத்தை மட்டும் நோக்குவதில்லை. கோபுரத்தையும் அதன் பின்னுள்ள உயர்ந்த மரத்தையும் போல, இரண்டை ஒரே நேரிற் கொணர்ந்து பார்ப்பர். வேறொரு திசையிலும் அவ்வாறே இரண்டை நேர்ப்படுத்துவர். ஒன்று மயக்கினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். தன் கண்ணை நம்புகிறவனே அதற்குச் சாட்சியும் தேடுகின்றான்.

காணுதல் இயற்கை, ‘கண்டேன்’ என்று பிறருக்குச் சொல்லுதல் செயல். செயலாதலின் அது அறத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. நீதிமன்றச் சாட்சிக்கும் ஆய்வு முடிவை வெளியிடும் அறிஞனுக்கும் ஊர்ச்செய்தியை அடுத்தவர்க்குக் கூறும் குடிமகனுக்கும் இது ஒக்கும். அவர்கள் சொல்லை நம்பிப் பின்னிருக்கையில் அமர்ந்திருப்போர், பக்கத்துச் சாளரத்தினூடே களப்பின் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். முன்னே இருப்பதை அவர்களாற் காணவியலாது. அவர்களுக்காகவும் சேர்த்துப் பார்ப்பதே ‘காண்கிறேன்’ என்பவனின் கடப்பாடு.