சம்மதம் கேட்கப்படாத மூன்றாமவர்

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பே பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். தெருமுனைத் தேநீர்க் கடையில் நிற்கிறார். இஸ்திரி வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுக்கிறார். அடுக்குமாடிக் காவலாளியிடம் வாடகைக்கு வீடு தேடுவதாகச் சொல்கிறார். அலுவலகத்துக்குப் போன் செய்து, வங்கிக் கடனுக்கான சரிபார்ப்பு என்று சொல்லி விவரம் கேட்கிறார். சில நாள் கழித்துப் புகைப்படங்களோடு ஓர் அறிக்கை தயாராகிறது. அதைப் படித்த பிறகுதான் தட்டு மாற்றுவதா, 'ஜாதகம் பொருந்தவில்லை' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வதா என்பது முடிவாகிறது. மாப்பிள்ளையைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். அங்கே கேள்விகள் பெரும்பாலும் சம்பளம், கடன், குடி என்று போகும். பெண்ணைப் பற்றிய கேள்விகள் எங்கே தொடங்கினாலும் அவள் யாருடன் பழகினாள் என்பதில்தான் வந்து முடியும்.

தமிழில் துப்பறிவாளர் என்றதும் சங்கர்லாலும் விவேக்கும் பரத்தும் சுசீலாவும் நினைவுக்கு வருவார்கள். கதைகளில் அவர்கள் குற்றம் நடந்த பின் வந்தார்கள், குற்றவாளியைத் தேடினார்கள். நிஜத்தில் தனியார் துப்பறியும் நிறுவனங்களுக்கு அன்றாடம் வந்து சேரும் வேலை கல்யாணமும் விவாகரத்தும். போலிச் சரக்கைப் பிடித்துத் தரச் சொல்லும் கம்பெனிகளும், காப்பீட்டு மோசடியை விசாரிக்கச் சொல்பவர்களும் உண்டு. அவற்றில் அறச்சிக்கல் குறைவு. வேலை ஒரு வீட்டுக்குள் நுழையும்போதுதான் கேள்வி கனக்கிறது. காசு கொடுப்பவர் ஒருவர், வேலை செய்பவர் இன்னொருவர், பாதிப்பைச் சுமப்பவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கேட்டால் இந்த வேலையே நடக்காது. அப்படியானால், ஒருவருக்குத் தெரியாமல் அவர் வாழ்க்கையைத் திறந்து பார்த்து விற்பது எப்போதாவது நியாயம் ஆகுமா?

ஆகும் என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் வேலை என்று சொல்லி வந்து, தாலி கட்டி, நகையோடும் பணத்தோடும் விமானம் ஏறிவிடும் மாப்பிள்ளைகளை நம் ஊர்கள் பார்த்திருக்கின்றன. அங்கே அவனுக்கு ஏற்கெனவே மனைவியும் குழந்தையும் இருப்பது பிறகு தெரியவரும். சிறு நகரத்தில் இருக்கும் தகப்பன் அதை எப்படி முன்கூட்டி அறிவார்? அல்லது ஜீவனாம்ச வழக்கை எடுத்துக்கொள்ளலாம். கையில் வருமானமே இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்லும் கணவன் வேறு பெயரில் கடை நடத்துகிறான். இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் கட்டளையிட்டது. வாக்குமூலத்திலும் பொய் எழுதுகிறவர்கள் உண்டு. அந்தப் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துத் தரும் துப்பறிவாளர், குழந்தையோடு தவிக்கும் ஒரு பெண்ணுக்குச் செய்வது பேருதவி. அதை இழிதொழில் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இந்த இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன் வேலை இது, வருமானம் இது, தனக்கு வேறு மனைவி இல்லை என்று அந்த ஆள் தானே முன்வந்து ஒரு கூற்றை வைத்திருக்கிறான். அதை நம்பி இன்னொருவர் தன் வாழ்க்கையை ஒப்படைக்கப் போகிறார், அல்லது நீதிமன்றம் தீர்ப்பு எழுதப் போகிறது. அந்தக் கூற்று மெய்யா என்று பார்ப்பது அவன் அந்தரங்கத்தில் கைவைப்பது ஆகாது. ஆனால் ஒருத்தி கல்லூரிக் காலத்தில் யாரை நேசித்தாள் என்பது அவள் யாரிடமும் முன்வைக்காத செய்தி. அதில் பொய்யும் இல்லை, ஏமாற்றும் இல்லை. அதைத் தோண்டுகிறவர் எதைச் சரிபார்க்கிறார்? துப்பறியும் தொழிலில் நியாயத்தின் கோடு இங்கேதான் விழுகிறது: சொன்னதைச் சோதிக்கலாம், சொல்லாத வாழ்வைத் தோண்டக் கூடாது.

சொல்லாமல் மறைப்பதாலேயே இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால்? 1998-இல் மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிட்டல் இசட் என்ற வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. எச்.ஐ.வி. தொற்று இருந்த ஒருவரின் நிலையை மருத்துவமனை வெளியில் சொன்னதால் அவர் கல்யாணம் நின்றது. அவர் அந்தரங்கத்தைவிட மணப்பெண்ணின் உயிர் பெரிது என்றது நீதிமன்றம். ஆகவே கோட்டுக்கு விலக்கு உண்டு. முன்னாள் மனைவியை அடித்துத் துன்புறுத்திய வரலாறும் இந்த விலக்கில் வரும். ஆனால் உடலுக்கும் உயிருக்கும் வரும் கேட்டைத் தடுப்பதற்கான இந்த விலக்கைக் 'குடும்ப கௌரவம்' வரை இழுத்துச் சென்றால், பிறகு கோடு என்று ஒன்று மிஞ்சாது.

'பெண் கொடுக்கும் முன் நாலு இடத்தில் விசாரிப்பது நம் வழக்கம்தானே, அதைத்தானே காசு வாங்கிக்கொண்டு செய்கிறோம்' என்பது இத்தொழிலில் இருப்பவர்களின் பதில். வழக்கம் இருந்தது உண்மை. அந்த விசாரிப்பு ஒன்றும் புனிதமானதல்ல. சாதியைத் துருவியது, பொறாமைக்காரர் ஒருவரின் வாயால் பல சம்பந்தங்களை முறித்தது. இருந்தாலும் அதில் ஒரு முகம் இருந்தது. மாமாவோ சித்தப்பாவோ நேரில் வந்து, இன்னார் வீட்டிலிருந்து வருகிறேன், சம்பந்தம் பேசுகிறோம் என்று சொல்லித்தான் கேட்பார். தவறாக ஒன்றைச் சொன்னவர் யார், அதைக் கொண்டுபோனவர் யார் என்று பிறகு கேட்க முடியும். ஊர்க் கூட்டத்தில் சண்டை போடவும் முடியும். கூலிக்கு வரும் அந்நியருக்கு முகம் இல்லை. போலிப் பெயரில் வந்து, பொய்க் காரணம் சொல்லி, கேட்டுக்கொண்டு போய்விடுகிறார். பொய் சொல்லி உண்மையைச் சேகரிக்கிறவருக்கு, தான் சேகரித்ததும் பொய்யாக இருக்கலாமே என்ற அச்சம் எத்தனை பேரிடம் இருக்கிறது?

மேலும், கேள்வியே காயப்படுத்தும். இது போதிய அளவு பேசப்படுவதில்லை. அறிமுகமில்லாத ஒருவர் தெருவில் வந்து 'அந்த மூன்றாவது வீட்டுப் பெண் எப்படி? ராத்திரி எத்தனை மணிக்கு வருவாள்? கொண்டுவந்து விடுவது யார்?' என்று கேட்ட அந்த நொடியிலேயே பேச்சு தொடங்கிவிடுகிறது. விடைகளில் குற்றம் ஏதும் இல்லாவிட்டாலும் கேள்வி அந்தத் தெருவில் தங்கிவிடும். சம்பந்தம் கூடாமல் போனால், துப்பறிவாளர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்; அந்தப் பெண் அதே தெருவில் நடந்து வேலைக்குப் போக வேண்டும், அதே காவலாளியைத் தினமும் பார்க்க வேண்டும். ஏன் எல்லோரும் தன்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தன்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுதப்பட்டதே தெரியாதவளால் அதில் உள்ள பிழையை எப்படி மறுக்க முடியும்? குற்றம் சாட்டப்பட்ட கொலையாளிக்குக்கூடத் தன் மீதான குற்றச்சாட்டின் நகல் கிடைக்கிறது.

அறிக்கை எழுதும் மொழியும் கவலை தருவது. நாட்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு 'குறிப்பிடும்படி ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுப்பது எந்தத் தொழிலிலும் கஷ்டம்தான். ஆகவே 'ஆண் நண்பருடன் காணப்பட்டார்' என்ற ஒரு வரி சேர்கிறது. உடன் வேலை செய்பவராக இருக்கலாம், ஒன்றுவிட்ட அண்ணனாக இருக்கலாம். வரி பொய்யல்ல. ஆனால் அதைப் படிப்பவர் மனத்தில் எழும் பொய்க்கு எழுதியவரே பொறுப்பு.

திருக்குறளில் ஒற்றாடல் 59-வது அதிகாரம். அது பொருட்பாலில், அரசன் செய்ய வேண்டியவற்றின் நடுவே இருக்கிறது. இல்லறவியலின் 20 அதிகாரங்களில் வீட்டுக்கு ஒற்றன் வைப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த மௌனத்தை மட்டும் வைத்து முடிவுகட்டிவிட முடியாதுதான். ஆனால் அரசனுக்கே வள்ளுவர் வைக்கும் நிபந்தனை நினைக்கத் தக்கது: ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். ஒரே ஆளின் சில நாள் அலைச்சலை நம்பி ஒருத்தியின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் வீடுகள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

சட்டம் இங்கே ஏறக்குறைய விலகியே நிற்கிறது. ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியை அனுப்பும் நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும் என்று 2005-இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. துப்பறியும் நிறுவனங்களுக்கான மசோதா 2007-இல் மாநிலங்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னது. ஆனாலும் அடுத்த ஆண்டே, பிறருடைய தொலைபேசி அழைப்பு விவரங்களைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் பலரை மகாராஷ்டிரத்தின் தானே நகரக் காவல்துறை கைது செய்தது. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னஞ்சலையும் கண்காணிப்பது 2013 முதல் குற்றம். குற்றத்தைத் தடுக்க அரசு பொறுப்பு ஒப்படைத்தவருக்கு அதில் விலக்கு உண்டு. கட்டணம் வாங்கும் துப்பறிவாளர் அந்த விலக்கில் வரமாட்டார்.

நீதிமன்றங்களும் ஒரே திசையில் இல்லை. மனைவிக்குத் தெரியாமல் அவளுடைய அழைப்பு விவரங்களை எடுத்துக் கணவன் தாக்கல் செய்ததை ஏற்க முடியாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல் தீர்ப்பளித்தது. அந்தரங்கத்தை மீறிக் கிடைத்த சாட்சியம் செல்லாது என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வேறொரு விவாகரத்து வழக்கில், மனைவியுடன் பேசியதைக் கணவன் இரகசியமாகப் பதிவு செய்திருந்ததைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. இதைத் தங்களுக்குக் கிடைத்த அனுமதி என்று துப்பறிவாளர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த உரையாடலில் கணவன் ஒரு தரப்பு. காசுக்கு வந்த வெளியாள் அல்ல. தவிர, ஒரு பொருளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதும், அதைப் பெற்ற வழி அறமாக இருந்தது என்பதும் ஒன்றல்ல.

'கேட்டதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. அதை வைத்து என்ன செய்வது என்பது கட்சிக்காரர் பாடு' என்ற வாதம் மிகப் பழையது. ஆனால் இத்தொழிலின் முன்னோடிகளே அப்படி நினைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சிகாகோவில் துப்பறியும் நிறுவனம் தொடங்கிய ஆலன் பிங்கர்டன், விவாகரத்து வழக்குகளை ஏற்பதில்லை என்று விதியாகவே எழுதி வைத்தார். அதே நிறுவனம் பிற்பாடு, 1892-இல், ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்கு எதிராகத் துப்பாக்கியோடு ஆள் அனுப்பியது வேறு கதை. வேலையை மறுக்கலாம் என்பது தொழிலுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அந்த விதி சாட்சி.

மறுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1989-இல் நடிகை ரெபெக்கா ஷேஃபரைப் பின்தொடர்ந்து வந்த ஒருவன், துப்பறிவாளர் ஒருவரை அமர்த்தி நடிகையின் வீட்டு முகவரியைப் பெற்றான். கதவைத் தட்டி அவரைச் சுட்டுக் கொன்றான். 1999-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஓர் இளம்பெண்ணின் வேலையிட முகவரியை இணையவழித் துப்பறியும் நிறுவனம் ஒன்று விற்றது. முகவரி கிடைத்தது, அந்தப் பெண்ணுக்கே பொய்க்காரணம் சொல்லிப் போன் செய்து. வாங்கியவன் அவள் வேலை முடிந்து வெளியே வந்தபோது கொன்றான். 2003-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது: தகவல் விற்கும் துப்பறிவாளருக்கு, யாரைப் பற்றிய தகவலோ அவர்பால் கவனத்தோடு நடக்கும் கடமை உண்டு. கட்சிக்காரருக்கு மட்டுமல்ல, மூன்றாமவருக்கும்.

இந்தக் கடமை தமிழ்நாட்டில் எங்கே போய் நிற்கிறது என்று தேடிப் போக வேண்டியதில்லை. வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டுப் போன மகளைக் 'காணவில்லை, கண்டுபிடித்துத் தாருங்கள்' என்று பெற்றோர் வந்து நிற்கும் அலுவலகத்தில் அது நிற்கிறது. கண்ணீர் உண்மையாக இருக்கலாம். கூட வந்திருக்கும் தாய்மாமன் மனத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தின் அருகே பட்டப்பகலில், வேறு சாதிப் பெண்ணை மணந்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதை இந்த மாநிலம் கண்ணால் பார்த்தது. இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்று 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசுகளுக்குச் சொன்னது. அரசு ஒளித்து வைக்க வேண்டிய முகவரியைக் கட்டணத்துக்குக் கண்டுபிடித்துக் கொடுக்கும் தொழிலாக இது ஆகிவிடக் கூடாது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. காணாமல்போன வயதுவந்த ஒருவரைப் பிரிட்டனில் காவல்துறை கண்டுபிடித்தால், அவர் நலமாக இருக்கிறார் என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லும். அவர் சம்மதிக்காமல் இருப்பிடத்தைச் சொல்லாது. இங்குள்ள துப்பறிவாளரும் இதையே நிபந்தனையாக முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கலாம். 'உங்கள் மகளைத் தேடுகிறேன். கண்டுபிடித்தால் முதலில் அவளிடம் பேசுவேன். அவள் சரி என்றால் மட்டுமே முகவரி தருவேன். இல்லையென்றால் அவள் உயிரோடு நன்றாக இருக்கிறாள் என்ற செய்தியோடு என் வேலை முடிந்தது.' இதைக் கேட்டதும் சில தகப்பன்மார் அழுதுகொண்டே கையெழுத்துப் போடுவார்கள். சிலர் எழுந்து வேறு அலுவலகம் தேடிப் போவார்கள். எழுந்து போகிறவரின் பணத்தை வாங்காமல் இருப்பதும் துப்பறிவாளரின் வேலையில் சேர்ந்ததுதான். அந்த நேரத்தில் அவரைத் தவிர அந்தப் பெண்ணுக்காக அங்கே பேச வேறு யாரும் இல்லை.