பெற்றோர் மறுக்கும் வேலை

1982-ல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் படித்து முடித்த சடோரு இவாட்டா பெரிய நிறுவனம் எதையும் தேடிப் போகவில்லை. படிக்கும்போதே பகுதிநேரமாக வேலை பார்த்துவந்த ஹால் லேபரட்டரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் முழுநேர ஊழியராகச் சேர்ந்துகொண்டார். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்களே அங்கே இருந்தார்கள். அவருடைய தந்தை ஹொக்கைடோ தீவில் உள்ள முரோரான் நகரத்தின் மேயர். நாட்டின் முன்னணிக் கல்விநிலையத்தில் படித்த மகன், பெயர் தெரியாத ஓர் இடத்தில் விளையாட்டுக்குப் புரோகிராம் எழுதப் போகிறான் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ஆறு மாதம் மகனோடு அவர் பேசவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அடுத்த வரியிலேயே 2002-க்குத் தாவிவிடுவது வழக்கம். அந்த ஆண்டு இவாட்டா நின்டெண்டோவின் தலைவரானார். கனவு வென்றது, அப்பா தோற்றார் என்று கதை முடிந்துவிடும். இடையில் 1992 என்ற ஆண்டு இருப்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. அப்போது ஹால் லேபரட்டரி திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு, 33 வயதில், இவாட்டா அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது நிறுவனத்தின் தலைமேல் 150 கோடி யென் கடன் இருந்தது. அதை அடைத்து முடிக்க 1999 வரை ஆயிற்று. மகன் சேர்ந்த நிறுவனம் நிலைக்காது என்று அந்தத் தந்தை பயந்திருந்தால், அந்தப் பயம் பத்தே ஆண்டில் கண்முன் வந்து நின்றது.

ஆகவே, பெற்றோரை மீறி வேலை தேர்ந்தெடுப்பது சரியா என்ற கேள்விக்கு, பின்னால் கிடைத்த வெற்றியைச் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது. ஒரே முடிவு 1992-ல் தவறாகவும் 2002-ல் சரியாகவும் இருக்க முடியாது. 1982-ல் அந்த இளைஞருக்கு என்ன தெரிந்திருந்தது, யாருக்கு என்ன கடமைப்பட்டிருந்தார், யார் தலையில் சுமையை வைத்தார் என்பவற்றைக் கொண்டுதான் எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால் அவர் பக்கம் வலுவானது. பட்டம் கையில் இருந்தது. அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை உள்ளே இருந்து பார்த்திருந்தார். தந்தைக்குத் தெரிந்தே போனார்.

தமிழ்நாட்டு வீடுகளில் இதே கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. பி.இ. இறுதியாண்டில் இருக்கும் பிள்ளை, கேம்பஸில் கிடைக்கும் ஐ.டி. வேலை வேண்டாம், பெங்களூரிலோ புனேயிலோ கேம் ஸ்டூடியோவில் சேரப்போகிறேன் என்கிறது. கேம் என்ற சொல் அந்த வீட்டில் எப்படி ஒலிக்கிறது என்பதை முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும். இணைய ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளை ஆண்டுக்கணக்கில் படித்த மாநிலம் இது. இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022-ல் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதா ஆளுநரிடமிருந்து திரும்பிவந்து, மறுபடியும் நிறைவேறி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. இவ்வளவையும் பார்த்த ஒரு தாய்க்கு, பணம் வைத்து ஆடவைக்கும் செயலிக்கும் கதை சொல்லும் ஒரு விளையாட்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால் அதைப் பழமைவாதம் என்று தள்ளுவது நியாயமாகாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த வேறுபாட்டை வகுத்திருக்கிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து, மற்றவற்றைத் தனியே நிறுத்துகிறது. இதை வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்ல வேண்டியது பிள்ளையின் வேலை. தெரியாதவர்கள் மேல் கோபப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது அந்த வேலையைச் செய்யாமல் விடுவதுதான்.

அந்தக் குழப்பம் தீர்ந்த பிறகும் மறுப்பு மிஞ்சும். கல்விக் கடன் இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, தங்கை படித்துக்கொண்டிருக்கிறாள். இந்த நிலையில் நிரந்தரமில்லாத வேலையா என்று கேட்பார்கள். இது கனமான கேள்வி. உலகமெங்கும் நடப்பவை இதற்கு ஆதரவாகவே இருக்கின்றன. 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனத்தை 2023 அக்டோபரில் வாங்கி முடித்த மைக்ரோசாஃப்ட், 2024 ஜனவரியில் தன் கேம் பிரிவிலிருந்து 1,900 பேரை வெளியேற்றியது. அடுத்த மாதம் சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவு ஏறத்தாழ 900 பேரை நீக்குவதாக அறிவித்தது. நன்றாக வேலை செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதும் உறுதியில்லை. டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘ஹை-ஃபை ரஷ்’ பரவலாகப் பாராட்டப்பட்டது. 2024 மே மாதம் அந்த ஸ்டூடியோவையே மூடுவதாக அதன் உரிமையாளர் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பிறகு ஒரு கொரிய நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது தனிக்கதை.

வேலை இருக்கும்போதே படும் பாடு வேறு. வெளியீட்டுத் தேதி நெருங்கும் மாதங்களில் இரவு பகலாக உழைக்கவைப்பதைக் ‘கிரஞ்ச்’ என்பார்கள். 2004-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் வாழ்க்கைத் துணை, காலை 9 முதல் இரவு 10 வரை, வாரம் 7 நாளும் அந்த ஊழியரிடம் வேலை வாங்கப்படுவதை இணையத்தில் எழுதினார். அதையொட்டி அந்தத் துறையே தலைகுனிந்தது. கூடுதல் நேர ஊதியம் கேட்டு ஊழியர்கள் தொடுத்த வழக்குகளில் அந்த நிறுவனம் மொத்தம் 3 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்து முடித்துக்கொள்ள நேர்ந்தது. இதில் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. இந்த வேலையை நேசித்து வருகிறவர்கள் ஏராளம் என்பதாலேயே இவ்வளவும் நடக்கிறது. நீ போனால் உன் இடத்துக்கு நூறு பேர் காத்திருக்கிறார்கள் என்று நிர்வாகம் சொல்ல முடிகிற இடத்தில், ஆசைதான் கூலியைக் குறைக்கிறது. பெற்றோர் பயப்படுவது விளையாட்டைப் பார்த்து. பயப்பட வேண்டியது இந்த ஏற்பாட்டைப் பார்த்து. பிள்ளைக்கோ இரண்டு பயமும் இல்லை, ஏனென்றால் பெரும்பாலும் ஆடிப் பார்த்த அனுபவம் மட்டுமே அதற்கு உண்டு. விளையாட்டுக்குள் ஒரே கதவை முந்நூறு முறை திறந்து மூடி, எப்போது கோளாறு வருகிறது என்று குறித்துவைப்பதுதான் சோதனையாளரின் அன்றாடம். இந்திய ஸ்டூடியோக்களில் கணிசமான வேலை, வெளிநாட்டில் திட்டமிட்ட விளையாட்டுக்கு மரமும் பாறையும் ஆயுதமும் வரைந்து கொடுப்பது. புனேயிலும் மும்பையிலும் உள்ள யூபிசாஃப்ட் கிளைகளுக்கு ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ மறுஆக்கம் போன்ற பெரிய பொறுப்பு வந்ததும் உண்டு. 2022-ல் அது மான்ட்ரியாலுக்கு மாற்றப்பட்டதும் உண்டு.

இவையெல்லாம் இயற்கைச் சீற்றங்களைப் போல் தாமாக வருபவையல்ல, மேலே இருப்பவர்கள் எடுக்கும் முடிவுகள். 2013-ல் நின்டெண்டோவின் வருவாய் சரிந்திருந்தபோது, ஆட்குறைப்பு ஏன் செய்யவில்லை என்று பங்குதாரர்கள் கேட்டார்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் இருப்பவர்களால் உலகத்தை ஈர்க்கும் ஒன்றைப் படைக்க முடியாது என்ற பொருளில் இவாட்டா பதில் சொன்னார். 2014-ல் தன் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். எனவே கேம் துறை நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. எந்த ஸ்டூடியோ, யார் நடத்துகிறார்கள், சென்ற வெளியீட்டுக்குப் பிறகு எத்தனை பேரை அனுப்பினார்கள் என்று கேட்பதில் பயனுண்டு.

இனி, பிள்ளை கடமைப்பட்டது எதற்கு என்று பார்க்கலாம். கீழ்ப்படிதல் அந்தக் கடமையில் சேராது. முப்பது நாற்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் உட்காரப்போவது பெற்றோர் அல்லர். தன் உழைப்பை எதில் செலவிடுவது என்று முடிவெடுக்கும் உரிமையை ஒருவர் இன்னொருவருக்காகக் கைவிட்டால், பிறகு வரும் கசப்பை இருவருமே சுமக்க நேரும். ஆனால் இந்த உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. செலவை ஏற்பவருக்கு வெறும் கருத்து மட்டுமல்ல, ஓட்டும் உண்டு. ‘ஸ்டார்டியூ வேலி’ விளையாட்டை அமெரிக்காவில் எரிக் பரோன் ஒற்றை ஆளாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உருவாக்கியபோது வீட்டுச் செலவில் பெரும்பங்கை அவருடைய துணைவி சம்பாதித்துப் பார்த்துக்கொண்டார். அதில் பிழை ஏதுமில்லை, ஏனென்றால் அவர் அறிந்து சம்மதித்துத் தோள்கொடுத்தார். ஆனால் அம்மாவின் நகையை அடகுவைத்தோ ஊரில் இருக்கும் நிலத்தை விற்றோ ‘கேம் டிசைன்’ பட்டயப் படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டும்போது, வேண்டாம் என்று சொல்ல அந்த அம்மாவுக்கு முழு உரிமை இருக்கிறது. அந்த மறுப்பைக் கனவுக்கு எதிரான சதியாகப் பார்ப்பது அறமாகாது.

தொடங்குவதற்கு அவ்வளவு பணம் தேவையும் இல்லை. விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள்களில் கோடோ முற்றிலும் இலவசம். யூனிட்டியையும் அன்ரியலையும் கற்றுக்கொள்ளக் கட்டணம் கிடையாது. ஆண்டுதோறும் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் வழக்கமாக 48 மணி நேரத்தில் ஒரு சிறு விளையாட்டை ஆக்கிப் பார்க்கலாம். கல்லூரியில் அரியர் வைக்காமலே இதைச் செய்ய முடியும். ஒரு விளையாட்டையாவது முடித்துப் பிறர் கையில் கொடுத்துப் பார்த்தவருக்குத்தான் இந்த வேலை தனக்கு வேண்டுமா என்பது தெரியும். முடிக்காமல் கனவு மட்டும் காண்கிறவர், பெற்றோரிடம் நம்பிக்கை கேட்கும் முன் அதற்கு ஈடாக எதையும் வைத்திருக்கவில்லை.

இந்தப் பிரச்சினையில் உண்மையான குற்றம் ஒன்று இருக்கிறது என்றால் அது பொய். ஐ.டி. கம்பெனியில் இருப்பதாகச் சொல்லிவிட்டு வேலையை விட்டுவிடுவது, படிப்பை நிறுத்திவிட்டு விடுதியில் இருப்பதாகச் சொல்வது, சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது. அந்தச் சொல்லை நம்பித்தான் பெற்றோர் கடன் தவணையைக் கணக்கிடுகிறார்கள், தங்கையின் படிப்பைத் திட்டமிடுகிறார்கள். மீறுவது ஒரு முடிவோடு முடிந்துவிடுகிறது. பொய்யோ அவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் கெடுக்கிறது. இதிலும் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. வாயைத் திறந்தால் அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் என்று நிற்கும் வீட்டில் ஒரு பெண், வேலை உறுதியாகும்வரை திட்டத்தை வெளியிடாமல் இருந்தால் அவளைப் பொய் சொல்கிறவள் என்று சொல்ல முடியாது. உண்மைக்குத் தண்டனை காத்திருக்கும் இடத்தில் மௌனத்துக்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. அந்த மௌனத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் தண்டனையைத் தயாராக வைத்திருப்பவர்கள்.

பெற்றோரின் பக்கமும் கடமை இருக்கிறது. உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்பது பெரும்பாலான வீடுகளில் முழு உண்மை. ஆனால் கொடுக்கும்போது சொல்லாத நிபந்தனையை, பிள்ளைக்கு இருபத்தொரு வயதான பிறகு எடுத்து நீட்டக் கூடாது. முதுமையில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கேட்கலாம், அதை எந்தத் துறையின் சம்பளத்திலிருந்தும் நிறைவேற்ற முடியும். பணம் தர மறுக்கலாம். எதிர்ப்பை நாள்தோறும் சொல்லலாம். பேச்சை நிறுத்துவது மட்டும் கூடாது. முரோரான் மேயரின் ஆறு மாத மௌனம், எவ்வளவு அன்பிலிருந்து வந்திருந்தாலும், தவறு. மறுப்பு பிள்ளையின் முடிவைப் பற்றியது. மௌனம் பிள்ளையையே தள்ளிவைக்கிறது. எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரத்தில் எச்சரிக்கக்கூடிய ஆள் இல்லாமல் போகிறார்.

பெற்றோர் கேட்கக்கூடிய மிகச் சிறந்த கேள்வி சம்பளத்தைப் பற்றியதுகூட இல்லை. எப்படிப்பட்ட விளையாட்டைச் செய்யப்போகிறாய் என்பதுதான் அது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளைப் பணம் கொடுத்துத் திறக்கவைக்கும் ‘லூட் பாக்ஸ்’ முறையைப் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் சூதாட்டம் என்றே அறிவித்தது. சிறுவர்களின் கைச்செலவைக் கறக்கும் அத்தகைய கணக்கை எழுதித் தருவதும் கேம் வேலைதான். டொரன்டோவின் விசாய் கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’வும் கேம் வேலைதான். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் சமையலறையில், மொழியிலிருந்து விலகிப்போகும் மகனுக்கும் பெற்றோருக்கும் நடுவே வளரும் தூரத்தை ஆடுகிறவரையே உணரவைக்கிறது அது. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்கப்போகிறோம் என்று யோசிக்காமல் ஸ்டூடியோவில் சேர்வதே கனவு என்று சொல்கிற இளைஞர், தன் அப்பாவைவிடத் தெளிவாக இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை செய்த விளையாட்டைக் காட்டச் சொல்லி ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். வேலை உத்தரவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அந்த நிறுவனம் ஆட்களை எப்படி நடத்துகிறது என்று விசாரியுங்கள். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் மறுப்பை வெளிப்படையாகச் சொல்லுங்கள். படிப்பை முடித்து, தன் கையால் ஒன்றைச் செய்துகாட்டி, வீட்டாரின் பணத்தில் கைவைக்காமல், ஒளிக்காமல் சொல்லிவிட்டுக் கிளம்பும் பிள்ளை, அந்த மறுப்பைக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். நாளை அந்த ஸ்டூடியோ மூடப்பட்டாலும் அவர் போனது குற்றமில்லை.