தலைப்பாகை கட்டியவன் தலை குனியலாமா?

நம் முக்கூடல் வட்டாரத்துத் தாங்கல்களில் உச்சிப்படிப்பு முடிந்து நாலு பேர் நிழலில் அமர்ந்தால், பேச்சு நாட்டு நடப்பைத் தொடாமல் போகாது. ஆற்று மணல் போன கதை, ஒரு சான்றிதழுக்குப் பத்து முறை அலைந்த கதை, ஓட்டு வாங்கிப் போனவர் ஐந்து வருடமாக எட்டிப் பார்க்காத கதை என்று வரிசையாகச் சொல்லுவோம். கடைசியில் ஒருவர், "கலிகாலம் அப்படித்தான் இருக்கும். அய்யா பொறுமையாய் இருக்கச் சொல்லியிருக்கிறார். தர்மயுகம் வந்தால் எல்லாம் சரியாகும்" என்பார். அதோடு துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவோம்.

இந்தப் பேச்சில் பாதி அய்யாவின் போதனை. பாதி நம்முடைய சோம்பல். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

அய்யா பொறுமையைப் போதித்தது உண்மை. திருவிதாங்கூர் சேவகர் அவரைப் பிடித்துக் கட்டியபோது, கொதித்தெழுந்த சான்றோர் மக்களைத் தடுத்துப் பொறுத்திருக்கச் சொன்னவர் அவரே. ஆனால் அவர் ஏன் பிடிக்கப்பட்டார்? தலைக்கு வரி, பனையேறும் தளைக்கு வரி, ஏணிக்கு வரி, கூலியில்லாத ஊழியம் என்று ஏழைகளைப் பிழிந்த ஆட்சியை "நீசம்" என்று பெயர் சொல்லி அழைத்தார். மன்னனுக்குக் கேட்கும்படி சொன்னார். அதற்காகவே சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள் இருந்தார். புலிக்கூண்டுக்கு முன்னும் சொன்னதை மாற்றவில்லை. ஆக, அய்யாவின் பொறுமை என்பது உண்மையைச் சொல்லிவிட்டு, அதனால் வரும் துன்பத்தைப் பகையில்லாமல் தாங்குவது. நாமோ சொல்ல வேண்டியதையே சொல்லாமல், நமக்குத் துன்பம் வராதபடி ஒதுங்கிக்கொண்டு, அதற்குப் பொறுமை என்று பெயர் வைக்கிறோம்.

கலியைப் பற்றி அகிலத்திரட்டு சொல்வதையும் நினைத்துப் பாருங்கள். ஆறு துண்டாக வெட்டப்பட்ட குறோணி யுகத்துக்கு ஒன்றாகப் பிறந்து வந்தான். இராவணனாக வந்தபோது அவனுக்கு இலங்கை என்றொரு ஊர் இருந்தது. துரியோதனனாக வந்தபோது படையும் மாளிகையும் இருந்தன. பகைவன் எங்கே இருக்கிறான் என்று விரல் நீட்டிக் காட்ட முடிந்தது. கலியனுக்கோ அப்படித் தனி ஊர் கிடையாது. மாயையாய் வந்து ஒவ்வொருவர் மனத்திலும் குடியேறிக்கொண்டான். அப்படியானால் கலி கோட்டையில் மட்டும் இருக்கிறது, நம் வீட்டில் இல்லை என்று சொல்ல நமக்கு வாயுண்டா?

காணிக்கையையும் கைக்கூலியையும் அய்யா ஒருசேர விலக்கினார். ஆண்டவனுக்கே கைக்கூலி கொடுக்காத வழி நம் வழி. அந்த வழியில் வந்தவன், ஓட்டுக்கு நீட்டிய பணத்தை வாங்கலாமா? 2016இல் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் வாக்காளருக்குப் பணம் பாய்கிறது என்பதற்காகத் தேர்தலையே தேர்தல் ஆணையம் நிறுத்தியது. கொடுத்தவர் பெயர் செய்தித்தாளில் வந்தது. வாங்கியவர் பெயர் எதிலும் வரவில்லை. வராதது நமக்கு வசதியாகவும் போயிற்று. வாங்கிய கை பிறகு எப்படி நீளும்? "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால், "அன்றே கணக்கை முடித்துவிட்டோமே" என்பதுதான் பதிலாக வரும்.

நம் ஆற்றங்கரையைப் பாருங்கள். தாமிரபரணியில் மணல் அள்ளியதை அறியாதவர் இந்தக் கரையில் யாருமில்லை. லாரிச் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்தாண்டுத் தடை விதித்தது என்றால், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணு வழக்குத் தொடுத்ததுதான் காரணம். அப்போது அவர் 80 வயதைத் தாண்டியவர். கரையில் வாழும் ஆயிரமாயிரம் பேர் செய்யாததை ஒரு முதியவர் செய்தார்.

2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவை நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொண்டுவந்து கொட்டினார்கள். சோதனைச் சாவடி கடந்து வந்த கழிவு அது. உள்ளூர் ஆள் துணையும் அதற்கு இருந்தது. ஊரார் வாய் திறந்தார்கள், செய்தி பரவியது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சில நாட்களுக்குள் கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. கேட்டால் நடக்கும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் சான்று வேண்டுமா?

"கேட்டவனுக்கு என்ன கதி ஆகும் தெரியுமா?" என்று சிலர் கேட்கலாம். அந்த அச்சத்தை நான் இகழமாட்டேன். 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும், சிறையில் இருந்த தங்கள் தொழிலாளரின் விடுதலையும் கேட்டு மாஞ்சோலைத் தோட்ட மக்கள் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கினார்கள். கைக்குழந்தை உட்பட 17 பேர் மாண்டார்கள். நாம் குளிக்கும் இதே ஆறுதான் அந்த உடல்களையும் சுமந்தது. கேட்பதற்கு விலை உண்டு. ஆனால் அந்த விலையைச் சிலர் மட்டும் கொடுக்க நேர்வது ஏன்? மற்றவர்கள் கரையில் நிற்பதால். பத்துப் பேர் கேட்டால் அடிக்கத் துணியும் கை, பத்தாயிரம் பேர் கேட்டால் தயங்கும். கரையில் நிற்பவனின் மௌனமும் அடிப்பவனுக்குப் பலம் என்பதை மறக்கக் கூடாது.

கீழே கிடப்பவரைக் கைதூக்கிக் காப்பதே தர்மம் என்று அய்யா வகுத்தார். பந்தியில் சோறு இடுவதோடு அந்தத் தர்மம் முடிந்துவிடுவதில்லை. நம் ஊரில் நாள் முழுக்கக் குனிந்திருந்து பீடி சுற்றும் தாய் ஒருத்தி, தனக்குச் சேரவேண்டிய பணத்துக்கு எழுதிக் கொடுக்க ஆளில்லாமல் அலைகிறாள் என்றால், அவளுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் பணிவிடைதான். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவளோடு கொக்கிரகுளம் வரை போய் நிற்பதும் பணிவிடைதான். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கிராமசபை கூடும் ஊர்களில் நம் மக்கள் எத்தனை பேர் போய் உட்காருகிறோம்? ஒவ்வொரு தாங்கலிலும் படிப்பு முடிந்தபின் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கினால், முன்சொன்ன நிழல் பேச்சு வீண்பேச்சாய்ப் போகாது. கட்சிக் கொடியும் வேண்டாம், வசைச் சொல்லும் வேண்டாம். கேட்பதைத் தெளிவாய், ஒன்றாய், பயமில்லாமல் கேட்டால் போதும்.

தலைப்பாகை கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களை, தலைப்பாகையோடு தன் முன் வந்து நிற்கச் சொன்னார் அய்யா. முடி சூடுவது மன்னனுக்கு மட்டும் உரியதல்ல, உனக்கும் உரியது என்பதே அதன் பொருள். அவர் அன்று தலையில் ஏற்றியதை 1950இல் நாட்டின் அரசியல் சட்டம் கையில் ஓட்டாகக் கொடுத்தது. பள்ளியறையில் கண்ணாடி வைக்கப்பட்டிருக்கிறது. தலைப்பாகை கட்டி அதன் முன் நிற்கும்போது, இந்த நாட்டை ஆளவேண்டியவர் யார் என்பது அதில் தெரிகிறது. அவர் ஆள மறந்து உறங்கினால், நீசம் ஆளத்தான் செய்யும்.

அய்யா உண்டு.