கம்பத்துக்கு அப்பால் இருந்தவர்கள்

சாந்தோம் பேராலயத்தின் பின்பக்கம், கடற்கரைக்கு இறங்கும் படிகளின் தலைமாட்டில் ஒரு மரக் கம்பம் நிற்கிறது. தோமையார் கம்பம் என்பார்கள். மயிலாப்பூர்க் கரையில் ஒதுங்கிய பெருமரம் ஒன்றை அரசனின் ஆட்களும் யானைகளும் சேர்ந்து அசைக்க முடியாமல் நின்றபோது, புனித தோமையார் தம் இடைக்கச்சையைக் கட்டி அதை இழுத்து வந்தார் என்பது கதை. போர்த்துகீசியக் கவி கமோயிஸ், 1572-ல் வெளியான தம் காவியத்தில் இதைப் பாடியிருக்கிறார். நேற்று முளைத்த கதையல்ல. அந்த மரத்தின் ஒரு துண்டே இந்தக் கம்பம் என்றும், கடல் இதைத் தாண்டி வராது என்று அப்போஸ்தலர் வாக்களித்தார் என்றும் உள்ளூர் நம்பிக்கை தொடர்கிறது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கடல் எழுந்து வந்தது. ஆலயத்துக்குள் அது நுழையவில்லை. சுற்றியிருந்த குப்பங்களிலிருந்து ஓடிவந்தவர்கள் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். சில நாட்களில், கம்பம் காத்தது, தோமையார் செய்த புதுமை இது என்ற பேச்சு பங்கைத் தாண்டிப் பத்திரிகைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதே காலை, அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் கடல் வீடுகளுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப்போனது. மெரினாவில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளும் மாண்டார்கள். சென்னையில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. தமிழகம் முழுவதும் சுமார் 8,000. வேளாங்கண்ணியின் நிலை இன்னும் கொடிது. மாதா பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்காக வந்து, கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்ற யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். கட்டடம் தப்பியது, அதைத் தேடி வந்த பக்தர்கள் தப்பவில்லை.

கடவுள் உலகை ஆள்கிறார், அவர் அறியாமல் ஒரு குருவிகூட விழுவதில்லை என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் ஓரத்தில் கிடக்கும் கருத்தல்ல, அதன் நடுத்தூண். கத்தோலிக்கர் இதை இறைப் பராமரிப்பு என்பார்கள், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடுகளில் கர்த்தருடைய சித்தம் என்பார்கள். அது உண்மையா பொய்யா என்று தீர்ப்பது இறையியலாரின் வேலை. அறநெறிக்கு முன்னால் இருப்பது வேறு கேள்வி. காப்பாற்றப்பட்டதைக் கடவுளின் கணக்கில் எழுதும்போது, பக்கத்துக் குப்பத்தின் சாவை யார் கணக்கில் எழுதுவது?

உயிர் தப்பிய ஒரு தாய் பீடத்தின் முன் முழந்தாளிட்டு, ‘ஆண்டவரே, என் பிள்ளையைக் காத்தீர்’ என்று அழுவதில் குறைகாண யாருக்கும் உரிமையில்லை. அது நன்றி, கடவுளை நோக்கிப் பேசுவது. பிள்ளையைப் பறிகொடுத்தவள், ‘அவர் சித்தம்’ என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வதும் அப்படித்தான். அவளிடம் போய் நிலத்தட்டு நகர்வை விளக்குவது அறிவல்ல, அநாகரிகம். ஆனால் அதே சொற்களை இன்னொருவர் எடுத்து, பிள்ளையை இழந்தவளைப் பார்த்துச் சொல்லும்போது அவை வேறாகிவிடுகின்றன. தன் இழப்பைத் தான் ஏற்றுக்கொள்வது ஒன்று. பிறர் இழப்புக்குக் காரணம் கற்பிப்பது இன்னொன்று. ‘எங்கள் கோயிலைக் கம்பம் காத்தது’ என்று ஊருக்கு அறிவிப்பதும் இந்த இரண்டாம் வகையின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. சொல்பவர் மனத்தில் கர்வம் இல்லாமல் இருக்கலாம். சீனிவாசபுரத்தில் கேட்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்பதையும் நினைக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தி வருகிறது. அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்ற கேள்விக்கு இயேசு இல்லை என்றே பதில் தருகிறார். பேச்சைக் கேட்பவர்களின் மனந்திரும்புதல் பக்கம் திருப்பிவிடுகிறார். யோபுவின் நண்பர்கள் அவன் துயரத்துக்குக் காரணம் கண்டுபிடித்துப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள் மேலேயே திரும்புகிறது.

இருந்தும் பிறர் துயரத்துக்குக் காரணம் கற்பிக்கும் ஆசை எளிதில் விடுவதில்லை. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். லிஸ்பன் நகரம் பூகம்பத்தாலும் கடலலையாலும் தீயாலும் அழிந்தது. திருப்பலிக்குக் கூடியிருந்தவர்கள் மேல் ஆலயங்கள் இடிந்து விழுந்தன. சேசு சபைப் பாதிரியார் மலக்ரிதா, நகரத்தார் நாடகம் பார்த்ததும் கேளிக்கையில் திளைத்ததும்தான் காரணம் என்று துண்டு நூல் எழுதினார். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி (ராயப்பேட்டையில் இவர் பெயரில் தேவாலயம் இருக்கிறது) அதே அழிவில் கத்தோலிக்க விசாரணை மன்றத்தின் கொடுமைக்குத் தண்டனை கண்டார். ஒரே இடிபாட்டில் ஒவ்வொருவருக்கும் எதிராளியின் பாவமே தெரிந்தது. அமைச்சர் பொம்பாலோ பங்குகள்தோறும் கேள்விப்பட்டியல் அனுப்பினார்: நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா? பூகம்பவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தக் கேள்விகள் மதிக்கப்படுகின்றன. பொம்பால் நல்லவர் என்று சொல்ல முடியாது. மலக்ரிதா 1761-ல் கொல்லப்பட்டதில் அவர் கை இருந்தது.

தமிழ் மண்ணுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1934 ஜனவரி 15-ல் பீகாரைப் பூகம்பம் குலைத்தது. அப்போது அரிஜன யாத்திரையில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். தாகூர் பகிரங்கமாக மறுத்தார். காந்தி அந்த மறுப்பையும் தம் பதிலையும் ‘ஹரிஜன்’ இதழில் வெளியிட்டார். நிலையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. தீண்டாமை பாவம் என்பதில் காந்தி சொன்னது முற்றிலும் சரி. ஆனால் இடிபாட்டில் செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்களே! நல்ல நோக்கத்துக்காகச் சொன்னாலும் பிறர் சாவைப் பாடமாக்கும்போது கணக்கு இப்படித்தான் இடறுகிறது.

இன்னொரு ஆபத்து இதைவிட அன்றாடமானது. சுமத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை சுமார் ஆறரை மணிக்கு. அலை சென்னையைத் தொட்டபோது ஒன்பது மணியை நெருங்கியிருந்தது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கிடந்தது. ஒருவரும் குப்பங்களுக்குச் சொல்லவில்லை, சொல்வதற்கான ஏற்பாடே அன்று இந்தியப் பெருங்கடலில் இருக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தையும் இறைவன் சித்தத்தில் சேர்த்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் தப்பிவிடுகிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளை மூழ்கடித்தபோது, வரலாறு காணாத மழை என்ற விளக்கம் அதே வேலையைச் செய்தது. கடவுள் பெயருக்குப் பதிலாக இயற்கையின் பெயர். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே அதைச் சொன்னது.

பராமரிப்புக் கோட்பாடு மனிதப் பொறுப்பைக் கரைத்துவிடும் என்று நினைப்பவர்கள் அதன் பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்வினாஸ் எழுதியது இது: கடவுள் எல்லாவற்றையும் ஆள்கிறார், ஆனால் அந்த ஆட்சியைப் படைப்புகளைக் கொண்டே நடத்துகிறார், அவை உண்மையாகவே காரணங்களாக இருக்கும் பெருமையை அவற்றுக்குக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் சாந்தோம் ஆலயத்தின் திறந்திருந்த கதவும், அதைத் திறந்து வைத்தவர்களும், சோறு வடித்தவர்களும் பராமரிப்பின் கருவிகளே. புதுமை தேடுகிறவர்கள் கம்பத்தைவிட்டு அந்தக் கதவைக் காட்டியிருக்கலாம். அதில் சீனிவாசபுரத்துக்காரருக்கும் இடம் இருந்தது.

2007-ல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வேலையைத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு அப்பால் மீண்டும் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. இம்முறை எச்சரிக்கை வந்தது, மெரினாவிலிருந்து போலீஸார் கூட்டத்தை வெளியேற்றினார்கள், கடலோரத்து மக்கள் வீட்டைவிட்டு மேற்கே நகர்ந்தார்கள். பெரிய அலை எதுவும் வரவில்லை. அன்றிரவு வீடு திரும்பியவர்களில் பலர் கடவுளுக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். அக்வினாஸைக் கேட்டால், ஐதராபாத் கணினியின் முன் உட்கார்ந்திருந்த பணியாளருக்கும் அந்த நன்றியில் பங்கு உண்டு என்றிருப்பார்.